சாய ஆலைச் சங்கு

அந்த ஊர் பெருமைப்பட்டுக்கொள்ள ஆறு ஒன்றுதான் இருந்தது. அதையும் சாக்கடையாக்கித்தான் பிழைத்தார்கள். சாய ஆலைகள் ஓடிய காலத்தில் ஆறு ஒருநாள் நீலம், மறுநாள் சிவப்பு. ஆலைகள் மூடியதும் முதலாளிகள் மூட்டையைக் கட்டினார்கள். நாற்றம் மட்டும் தங்கிவிட்டது.

இருந்ததிலேயே பெரிய ஆலை, என் அக்கா புருஷனின் தாத்தா கட்டியது. அதை ஹோட்டலாக்கப் போவதாக ஊரெல்லாம் தம்பட்டம் அடித்த மாமா, ஒரு மத்தியானம் அக்காவையும் என்னையும் அங்கே கூட்டிப்போனார். கூரை விழுந்து கிடந்தது. ஈரச் சுவர்களில் இன்னும் சாய வாடை வீசியது.

கொதிக்கும் சாயத் தண்ணீரை ஆற்றில் திறந்துவிடுமுன் அங்கே சங்கு ஊதுவது வழக்கம். துணி துவைக்கிறவர்கள் அதைக் கேட்டுக் கரையேறுவார்கள். ஒருநாள் விருந்தாளிகளின் தூக்கம் கெடும் என்று தாத்தா சங்கை ஊதவிடவில்லை. மதகை மட்டும் திறக்கச் சொன்னார். ஆற்றில் நின்ற பெண்கள் ஒருவரும் கரையேறவில்லை. இதையும் மாமா சிரித்துக்கொண்டேதான் சொன்னார். இத்தனை சொத்து சேர்த்த குடும்பம் கொஞ்சம் வெட்கத்தையும் சேர்த்து வைத்திருக்கலாம்.

படித்துறையில் முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்றோம்.

சங்கு ஊதியது.

ஆலைக்குள்ளிருந்துதான். நீளமாக.

அக்கா என் கையை இறுகப் பிடித்தாள். "ஏறிடலாம்டா."

அவளை இழுத்துக்கொண்டு படியேறினேன். மாமா அசையவில்லை.

"கரண்டே இல்லாத ஆலையில யாரு ஊதுறா? நல்ல பயந்தாங்கொள்ளிங்க."

தண்ணீர் சிவந்தது.

ஆவி கிளம்பியது.

முழங்கால்வரை வெந்துபோனவரை அலற அலறத் தூக்கி வந்தோம். பிறகு போய் மதகைப் பார்த்தேன். துருப்பிடித்து இறுகிக் கிடந்தது.

புண் ஆறியும் காலில் ஏறிய சிவப்பு போகவில்லை. மாமாவின் வாய்க்கொழுப்பும்தான். அது வெந்நீர் ஊற்றாம், ஹோட்டல் விளம்பரத்தில் போடப்போகிறாராம். அந்தப் பெண்கள் ஊதிவிட்டுத்தான் திறந்தார்கள். தாத்தாவிடம் இல்லாத மரியாதை செத்தவர்களிடம் இருந்தது. அதுகூடவா ஒரு மனுஷனுக்கு உறைக்காது!

நேற்றுக் காலை அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அங்கிருந்து ஆறு வெகுதூரம்.

மறுபடியும் சங்கு ஊதியது.

அக்கா ஓடிப்போய்க் குளியலறைக் கதவைத் தட்டினாள்.

"வெளிய வந்துடுங்க."

உள்ளே மாமா சிரிப்பது கேட்டது. பிறகு குழாயைத் திறந்தார்.