தொடாதீர்கள்

செவ்வாயின் மூன்றாம் குமிழ்நகரில், நடைப்பயிற்சிக்கு வருகிறவர்களை எடைபோட்டுத்தான் தோட்டத்துக்குள் விடுவார்கள். வெளியே போகும்போது மறுபடியும் எடைமேடை. குறைந்தால் வியர்வை, கூடினால் திருட்டு. கூடினால் மேடை அலறும். முதல் குடியேறிகள் போட்ட பொதுத்தோட்டம் அது. நகரத்தில் மண்ணில் இலை முளைப்பது அங்கே மட்டும்தான். மற்றபடி சாப்பாடெல்லாம் தொட்டியில் வளரும் பாசிக்கட்டி.

அன்று தோட்டச் செயலாளர் தில்லைநாயகி விடியுமுன்பே வந்து பாத்திகளைச் சுத்தம் செய்துவிட்டாள். நீர்வாரியத்தின் ‘மதிப்பான்’ தோட்டத்தைப் பார்வையிட வந்திருந்தது. அந்த எந்திரனுக்குத் திருப்தி இல்லையென்றால் மாலையே குழாயை மூடிவிடுவார்கள். போதாக்குறைக்கு, கைநீளம் என்று பெயரெடுத்த ஓய்வுபெற்ற சுரங்கக்காரர் அருள்மணியும் கூடவே நடந்தார்.

“அண்ணே, இன்னிக்காவது கையைப் பைக்குள்ள வச்சுக்குங்க.”

“பைக்குள்ள வச்சா மட்டும் அது சும்மா இருக்குமாம்மா?”

தக்காளிப் பாத்தி, நந்தியாவட்டை என்று நின்று நின்று பார்த்த மதிப்பான், கறிவேப்பிலை மரத்தடியில் கேட்டது: “இங்கே திருட்டு உண்டா?”

அருள்மணியைப் பலமுறை பிடித்து, வெளியே தெரியாமல் அமுக்கியவள் தில்லைநாயகி. “சேச்சே. எங்க ஆளுங்க தங்கம்ங்க.”

“பாசிக்கட்டிக் கிடங்கிலும் திருட்டு இல்லை. யாருக்கும் அதன்மேல் ஆசை இல்லை. இதுவும் அப்படித்தான். நீர் ரத்து.”

மூவரும் வாசலுக்கு வந்தார்கள். அருள்மணி மேடையில் ஏறினார். அது அலறியது. இடுப்புப் பட்டியிலிருந்து ஒரு கொத்து கறிவேப்பிலை எட்டிப் பார்த்தது.

“தாளிக்க,” என்றார் தலை குனிந்து.

தில்லைநாயகி வாழ்நாளில் முதல்முறையாக ஒரு திருடனைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

மதிப்பான் தீர்ப்பைத் திருத்தியது: “ஆசை உறுதி. நீர் தொடரும். இனி திருட வேண்டியதில்லை. ஆளுக்கு ஒரு கொத்து இலவசம். இலை வெளியே போகும் அளவை எடைமேடை எனக்குச் சொல்லும். போகாவிட்டால் குழாய் மூடும்.”

மறுநாள் தில்லைநாயகி வாசலில் இலவசக் கறிவேப்பிலைக் கூடை வைத்தாள்.

“வாடியிருக்கே,” என்றார் நடைக்கு வந்த ஒருவர்.

“நல்லதையெல்லாம் உள்ள ஒதுக்கிட்டீங்களா?” என்றார் இன்னொருவர்.

அருள்மணிகூடத் தொடவில்லை. “சும்மா தர்றாங்கன்னா ஏதோ கோளாறு இருக்கும்மா.”

மாலைக்குள் குழாயடியில் சிவப்பு விளக்கு எரிந்தது. சற்று நேரத்தில் வால்வு தானாகத் திருகிக்கொள்ளும். தில்லைநாயகி கூடையைத் தூக்கி ஒளித்தாள். பரணிலிருந்த பழைய பலகையைத் தேடி எடுத்து மரத்தில் மாட்டினாள்: ‘இலைகளைத் தொடாதீர்கள். மீறினால் தண்டனை.’

பிறகு மரத்துக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டாள்.

பின்னால் ஒரு காம்பு ஒடிந்தது. இன்னொன்று. அவள் திரும்பவில்லை. எடைமேடை அலறியது, விடாமல் அலறியது. சிவப்பு விளக்கு அணைந்தது.