கடைசிக் கோடு

குசினித் தரையைக் கழுவிவிட்டு ராசமலர் விளக்குமாற்றை மூலையில் சாத்தி வைத்தபோது ஈரமெல்லாம் காய்ந்துபோயிருந்தது, ஒரு கோட்டைத் தவிர. மேலிருந்து கீழாக, ஒரு சாண் நீளத்துக்கு யாரோ இழுத்துவிட்ட தண்ணீர்க் கோடு. விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். கிணற்றுத் தண்ணீர் இல்லை. உப்பும், துறைமுகத்து எண்ணெய் வாடையும்.

அந்தத் தரையில் தண்ணீரால் எழுதுகிறவன் அவளுடைய கணவன் ஆனந்தராசா மட்டும்தான். துறைமுகத்தில் மா மூட்டை இறக்கப் போனவன், சீனக் கப்பல் சமையற்காரனோடு சிநேகமாகி அவர்களுடைய எழுத்தைப் பழகத் தொடங்கியிருந்தான். கப்பலில் வேலை கிடைத்தால் அவளையும் இந்தச் சண்டைக்கு வெளியே கொண்டுபோகலாம் என்ற எண்ணம். கடதாசியில் எழுதினால் சோதனைக்கு வருகிற ஆமிக்காரர்கள் இரகசியக் குறி என்று சொல்லிப் பிடித்துக்கொண்டு போவார்கள். அதனால் சவரம் செய்கிற பிரஷைத் தண்ணீரில் தோய்த்துச் சீமெந்துத் தரையில் எழுதுவான். சற்று நேரத்தில் காய்ந்துவிடும். இவ்வளவு கவனமாக இருந்தவனைக் கடைசியில் ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லாமலே சுற்றிவளைப்பில் கொண்டுபோனார்கள்.

அவளுக்கும் பழக்கினான், அவள் கைமேல் தன் கையை வைத்து. பெட்டி மாதிரி எழுத்து வந்தால் அவள் நாலு பக்கத்தையும் அடைத்துவிட்டுத்தான் உள்ளே எழுதுவாள். அவன் சிரிப்பான்.

“இடப்பக்கச் சுவர். பிறகு கூரையும் வலப்பக்கச் சுவரும் ஒரே இழுப்பு. ஆளை உள்ளுக்கு விட்டிட்டுத்தான் கதவைச் சாத்தோணும், மலர்.”

பெட்டிக்குள் சின்னப் பெட்டி வைத்தால் திரும்பி வருதல். அது அவனுக்குப் பிடித்த எழுத்து. இரண்டு கால் மட்டும் எழுதினால் ஆள். அந்த ஆளைப் பெட்டிக்குள் எழுதினால் சிறைப்பட்டவர். அதை ஒரேயொரு தரம் எழுதிக் காட்டிவிட்டு, இது எங்களுக்கு வேண்டாம் என்று காயுமுன்பே உள்ளங்கையால் அழித்துவிட்டான்.

அடுத்த நாள் பின்னேரம் அந்தக் கோட்டோடு சேர்ந்து கூரையும் வலச்சுவரும் வந்திருந்தன. வளைவில் அவன் கை விடுகிற அதே சின்ன நடுக்கம். ராசமலர் தரையில் குந்தியிருந்து அழுதாள். உள்ளே சின்னப் பெட்டி வந்துவிட்டால் அவன் வந்துவிடுவான் என்று நம்பினாள். அவனைத் தேடி ஆமி முகாம் வாசல்களில் நின்று கால் வீங்கியதுதான் மிச்சம், வேறு எதை நம்புவது.

பக்கத்து வீட்டு றம்ஸியா மூதூரில் இருக்கும் தாய் வீட்டுக்குப் போகவிருந்தாள். தனியாக இருக்க வேண்டாம், கூட வாங்க என்று கேட்டாள். ராசமலர் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள்.

“அவர் வந்து பூட்டின வீட்டையோ பாக்கிறது?”

ஆனால் பெட்டி ஒவ்வொரு நாளும் பெருத்தது. பாய் அளவு, பிறகு கட்டில் அளவு. ஒருநாள் விடிந்து பார்த்தால் கோடுகள் குசினியின் மூன்று சுவர்களோடும் ஒட்டி ஓடியிருந்தன. வாசற்படிப் பக்கம் மட்டும் காய்ந்திருந்தது. அன்றைக்குத்தான் அவள் பயந்தாள். வேலிக்கு மேலால் றம்ஸியாவைக் கூப்பிட்டு, மூதூருக்குப் போகும் பின்னேர லோஞ்சுப் படகுக்குத் தானும் வருவதாகச் சொன்னாள்.

உடுப்புப் பையைக் கட்டி முன்கதவடியில் வைத்தாள். பிரஷை விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. அதை எடுக்க மட்டும்தான் குசினிக்குள் போனாள்.

யன்னலில் இருந்த பிரஷிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. எடுத்தாள். அடுப்புச் சாம்பல் மணம் அடங்கி, கப்பலடியில் பாசி அழுகும் மணம் மெல்ல எழும்பியது. வெளியே காகங்களின் சத்தமும் வீதியில் போன ட்ரக்கின் இரைச்சலும் தண்ணீருக்குள் இருந்து கேட்பதுபோல் மங்கின. அவளுடைய உச்சியில் ஏதோ குளிர்ந்தது. அந்த ஈரம் முதுகால் இறங்கி இடது காலுக்குப் போனது. பிறகு இன்னொன்று, வலது காலுக்கு.

இரண்டு கால். பெட்டிக்குள் ஆள்.

நகர ஏலவில்லை. சத்தம் வரவில்லை.

“ராசமலரக்கா, லோஞ்சுக்கு நேரமாச்சு.”

றம்ஸியா வேலியைக் கடந்து பின்பக்கமாகக் குசினி வாசலில் வந்து நின்றாள். நேராக ராசமலரைப் பார்த்தாள். அந்தப் பார்வை அவளைக் கடந்து அடுப்புக்குப் போய், யன்னலுக்குப் போய், தரைக்கு வந்தது.

“தண்ணியக் கொட்டிப்போட்டு முந்திப் போயிட்டாங்க போல,” என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். வீடு திறந்து கிடந்தால் கள்ளன் வருவான் என்று நினைத்திருப்பாள். நல்ல மனம் அவளுக்கு. குசினிக் கதவை இழுத்துச் சாத்தினாள்.

செருப்புச் சத்தம் தூரப் போனது.

கதவோடு யன்னல் வெளிச்சமும் அணைந்த இருட்டில், பிரஷ் பிடித்த கையின்மேல் ஒரு கை வந்து பொருந்தியது. ஊறிய தோல். பழகிய பிடி. அவன் திரும்பி வந்திருந்தான். இரண்டு கையும் சேர்ந்து குனிந்தன. வாசற்படியோரம், இடமிருந்து வலமாக, அவசரமில்லாமல், பிழையில்லாமல், கடைசிக் கோட்டை இழுத்தன.