மத்தியானப் பை

மனைவி செத்துப் பதினாறாவது நாள் மத்தியானம், தன் கடையிலிருந்து வீடு திரும்பிய தையல்காரர் படுக்கையறை வாசலிலேயே நின்றுவிட்டார். டயாலிசிஸ் பையைச் சூடாக்கும் தட்டின் மேல் ஒரு பை இருந்தது. கிட்டே போய்த் தொட்டுப் பார்த்தார். வெதுவெதுப்பு. தட்டின் ஒயரோ பிளக்கிலிருந்து பிடுங்கிச் சுருட்டி வைத்தபடியே கிடந்தது.

“அட சனியனே, வெயில் சூடா இருக்கும்” என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டார். தனக்கு வசதியான காரணம் இந்த மனுஷனுக்கு எப்போதும் கைவசம் இருக்கும்.

சிறுநீரகம் கெட்டுப்போய், ஏழு வருஷம் அவள் வயிற்றில் குழாய். தினமும் நான்கு வேளை பழைய நீரை வடித்துவிட்டு, இரண்டு லிட்டர் மருந்து நீரை ஏற்ற வேண்டும். மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டு வர அவருக்கு மனசு வரவில்லை. சர்க்கரை மிகுந்த சிவப்பு மூடிப் பை, உடம்பிலிருந்து நீரை அதிகமாக இழுக்கும். உடம்பில் வீக்கம் கண்டால் மட்டும் அதைப் போடச் சொல்லியிருந்தார்கள் டாக்டர்கள். அவர் தினமும் அதையே போட்டு, நான்கு வேளையை இரண்டாக்கினார். “வயிறு தீயா எரியுதுங்க” என்று அவள் அழுதாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

“குடலைச் சுத்தி வெள்ளையா ஒரு தோல் வளந்து இறுகிடுச்சு. பிரிக்கவே முடியல. யாரு இந்தப் பையப் போட்டது?” என்று கேட்டார், கடைசியில் அவள் வயிற்றைத் திறந்தும் காப்பாற்ற முடியாமல் போன அறுவை டாக்டர்.

“அவளேதாங்க மாத்திக்குவா. சொன்னா கேக்க மாட்டா.”

பிணத்தை வைத்துக்கொண்டே சொன்னார், பாவி.

இப்போது தலைக்கு மேல் ஓடிக்கொண்டிருந்த மின்விசிறி மெல்ல மெல்லத் தயங்கி நின்றது. வெளியே வண்டிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்த ஜன்னல், காற்றே இல்லாமல், கொக்கி விழும் ஓசையோடு சாத்திக்கொண்டது. பை மாற்றும் முன் தூசி பறக்காமலிருக்க அவள் செய்கிற காரியம் இது.

குளியலறையில் குழாய் திறந்தது. சோப்பு வாசனை. விரல் விரலாக, நகம் நகமாக, யாரோ கை கழுவும் சத்தம்.

“யாரு?”

குழாய் நின்றது.

ஓட நினைத்தார். கால் வரவில்லை. தொப்புளுக்குக் கீழே சுருக்கென்றது. சட்டைக்குள் ஏதோ நெளிந்தது. அவள் வயிற்றில் இருந்த அதே குழாய்.

அவள் வந்தாள். ஈரக் கையைத் துடைக்காமல் தூக்கிப் பிடித்தபடி.

“தெரியாம பண்ணிட்டேன்மா... மன்னிச்சிடு...”

“தெரிஞ்சுதாங்க பண்ணீங்க” என்றாள். குரலில் கோபமே இல்லை. “உக்காருங்க. கடைய அப்புறம் பாக்கலாம்.”

உட்கார்ந்தார். அவள் பின்புறம் போய் நின்று, அவர் வாயை மூடி முகமூடி கட்டினாள்.

துணி இல்லை.

ஈரம். தடிப்பு. வெள்ளைத் தோல். உதட்டோடு ஒட்டியது. கத்தினார். அது உப்பியது, மறுபடி இறுகியது. பற்களுக்கு இடையில் வளர்ந்தது.

அவள் தட்டின் மேலிருந்த சிவப்பு மூடிப் பையை எடுத்து அவர் மடியில் வைத்தாள். குனிந்து அவர் சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள்.