தூணுக்குள் இருந்த கயிறு

இடுப்பு விட்டுப்போயிருந்தது. விடியலிலிருந்து சம்மட்டி போட்டதில் கோஸ்மாஸின் முதுகெலும்பு அடியில் நெருப்புத் துண்டாகக் கனன்றது. குனிந்தால் நிமிர முடியவில்லை. துருக்கி ஆளுநர் கட்டும் புதிய மசூதிக்குச் சுண்ணாம்பு வேண்டும். அதற்காக ஏதென்ஸின் பெரிய கோயிலில் மிச்சம் நின்ற பதினேழு தூண்களில் ஒன்றை வெடிமருந்து வைத்துச் சாய்த்திருந்தார்கள். கட்டி முடிக்கவே அறுநூறு வருஷம் ஆன கோயில் என்பார்கள். உடைத்துக் காளவாயில் போட அவனுக்கு ஒன்பது நாள் கெடு.

தூணின் உருளைக்கல் ஒன்று பிளந்தபோது நடுக்குழியில், கல்லோடு கல்லைப் பிணைக்கச் செருகிய தேவதாருக் கட்டை தெரிந்தது. அதைச் சுற்றி ஒரு கயிறு, இரண்டு முனையிலும் முடிச்சு. எத்தனையோ தலைமுறையாகக் காற்றே படாத கயிறு. தொட்டான். வியர்வை ஈரம். யாரோ இப்போதுதான் கைவிட்டதுபோல வெதுவெதுப்பு.

"மச்சான், இது ஆள் அளந்த கயிறு."

அவன் மனைவி அசீமோவின் அண்ணன் ஸ்தமாத்திஸ், கல் சுமந்துகொண்டே சிரித்தான். "அளந்தவனும் போய்ட்டான், அளக்கவிட்டவனும் போய்ட்டான். ரெண்டு வாரத்துல அப்பனாகப் போறவன், கயித்தப் பாத்து வேர்க்கிற! குடு இங்க."

கட்டடம் நிலைக்க, வழியே போகிற ஒருவனின் நிழலைக் கயிற்றால் அளந்து கல்லுக்கடியில் வைப்பது கொத்தர்களின் வழக்கம். நாற்பது நாளுக்குள் அவன் சாவான். செத்தபின் கட்டடத்தைத் தாங்குவான். அதனால்தான் அஸ்திவாரம் தோண்டும் இடத்தை ஊரே சுற்றிக்கொண்டு போகும்.

ஸ்தமாத்திஸ் கயிற்றைப் பிடுங்கிக் காளவாயில் எறிந்தான். மயிர் கருகும் நாற்றம் எழுந்தது.

வெயில் சாய்ந்தது. காற்று இல்லை, ஆனாலும் நின்றிருந்த பதினாறு தூண்களின் பக்கமிருந்து, பல்லைக் கடித்துச் சுமை தூக்குகிறவனின் முனகல் மாதிரி ஒரு சத்தம் விட்டுவிட்டு வந்தது. கோஸ்மாஸ் சம்மட்டியை இறக்கினான். சுண்ணாம்புத் தூள் படிந்த வெள்ளைத் தரையில் மூன்று நிழல்கள் கிடந்தன.

ஆட்கள் இரண்டு பேர்தான்.

மூன்றாவது நகர்ந்தது. அவன் குதிகாலில் ஒட்டியது. கால் மரத்தது. முழங்கால்வரை. தொடைவரை. அவனுடைய நிழல் சாக்குப்போல உள்ளே இழுபட்டுக் குறுகிக்கொண்டிருந்தது. கத்தப் பார்த்தான், மூச்சு வரவில்லை. புரிந்தது. கயிறு எரிந்து விடுபட்டவன் தன் இடத்துக்கு ஆள் கேட்கிறான்.

'பிள்ளை முகத்தைப் பார்க்காமல் சாகமாட்டேன்.'

மரத்த காலை இழுத்துக்கொண்டே சுமைக் கயிற்றை உருவினான். கல்லோடு குனிந்து நின்ற மச்சானின் நிழல்மீது, தலையிலிருந்து கால்வரை நீட்டினான். முடிச்சுப் போட்டான்.

"என்ன மாப்ளே, எனக்குச் சட்டை தைக்கப் போறியா?"

கோஸ்மாஸ் அந்தக் கயிற்றை, பிளந்த கல்லின் குழியில் திணித்தான்.

ஸ்தமாத்திஸ் விழுந்தான். கையூன்றாமல், மரம்போல, சுட்ட சுண்ணாம்புக் குவியலில் முகம் புதைய. கண் திறந்தே இருந்தது. வெந்தது.

கால் திரும்பியது. கோஸ்மாஸ் அழவில்லை. தப்பித்துவிட்டேன் என்றுதான் நினைத்தான்.

பிறகு தரையைப் பார்த்தான். அந்த மூன்றாவது நிழல் முழுதாகப் போகவில்லை. தலைமுதல் கணுக்கால்வரை கரைந்திருந்தது. பாதம் மட்டும் மிச்சம். அப்போதுதான் உறைத்தது. ஆளை நிமிர்த்தி அளக்க வேண்டும். அவன் குனிந்தவனை அளந்திருந்தான்; அளவு ஒரு சாண் குறைந்துபோயிருந்தது.

"சாப்பாடு கொண்டாந்திருக்கேன்! அண்ணன் எங்க?"

ரொட்டியும் ஆலிவும் கட்டிய துணியோடு அசீமோ மேடேறி வந்துகொண்டிருந்தாள்.

"வராதடி! அங்கயே நில்லு!"

நின்றாள். மிச்சமிருந்த நிழலின் பாதம் நகர்ந்தது. அவள் நிழலைத் தொடவில்லை. பாவாடை விளிம்பில் ஏறியது. முழங்கால். இடுப்பு. உப்பிய வயிற்றின்மேல் வந்து, நின்றது.

"என்னங்க," என்றாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. "உள்ள ஜில்லுன்னு இருக்கு."

ஒரு சாண் நிழல் இன்னும் பாக்கி.