சந்தலிக்குள் நீண்ட கால்

கணவன் நுஸ்ரத்தின் காலுறைகளைத் துவைக்கும்போது மஸ்தூராவுக்கு ஒன்று உறுத்தியது. அவற்றில் கொழுப்புப் பிசுக்கே இல்லை. ஒன்பது நாளாக ஆட்டு வால்கொழுப்பை உருக்கி அவன் பாதத்தில் தேய்த்து வருகிறாள். ஜாடி பாதி காலி. காலுறையோ நேற்று வாங்கியது போல் இருந்தது. தோல் குடித்திருக்கும் என்று தனக்கே சொல்லிக்கொண்டு பிழிந்து உலர்த்தினாள். அது கொடியிலேயே விறைத்தது.

புகாராவில் சில்லா என்னும் கடுங்குளிர் நாற்பது நாள். குளிர் தன் சரக்கையெல்லாம் அப்போதுதான் கடைவிரிக்கும், பேரம் படியாது. சில்லா தொடங்கிய அன்றே நுஸ்ரத் துணிக்கடையைப் பூட்டிவிட்டுச் சந்தலியில் வந்து உட்கார்ந்தவன். குழியில் கனல், மேலே குட்டை மேசை, மேசையை மூடி நாலு பக்கமும் தரையில் புரளும் பஞ்சுப்போர்வை. அதற்குள் காலை விட்டுக்கொண்டு பகலைக் கழிப்பது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். ஆனால் இவன் பேசவில்லை. கழிப்பறைக்கு எழுந்தால் உண்டு. போன வருஷம் அவன் அண்ணனும் இப்படித்தான் உட்கார்ந்தான், பிறகு படுத்தான். வாதுமை பூத்தபோது அவன் இல்லை. இவன் தானாக எழுந்து வாசல்வரை நடந்துவிட்டால் போதும், வேறு எதுவும் வேண்டாம் என்றிருந்தாள் மஸ்தூரா. அவள் பயம்கூட மரத்துப்போய், அடுத்த வீட்டுக்காரி பயம் போலத் தள்ளி நின்றது.

நடுப்பகலில் அந்த அடுத்த வீட்டுக்காரி சலோமத் வந்தாள், கையில் கண்ணேறு கழிக்க இஸ்ரிக் விதை புகையும் சட்டி.

"என்ன தம்பி, அடைகாக்குற கோழியாட்டம் உக்காந்திருக்க. குஞ்சு பொரிச்சுதா இல்லியா?"

நுஸ்ரத் மேசை விளிம்பைப் பார்த்தபடி இருந்தான்.

"கால் சூடேறவே மாட்டேங்குதுக்கா இவருக்கு," என்றாள் மஸ்தூரா.

"கால் சூடானா மனசு தானா சூடாகும்டி. விடாம தேய். நிறைய வெங்காயம் போட்டு சூப் வச்சுக் குடு. வெயில் எட்டிப் பாத்துச்சுன்னா வாசல்ல இழுத்துப் போட்டுத் தட்டு, பழைய கம்பளத்த தட்டுற மாதிரி."

அவள் போனாள். புகை மட்டும் நின்றது.

மஸ்தூரா கணவனுக்கு எதிரே உட்கார்ந்து கொழுப்பைக் கையில் அப்பிக்கொண்டாள். போர்வையைத் தூக்கவில்லை. சில்லாவில் போர்வையைத் தூக்கிச் சூட்டை வெளியே விடுபவளை அந்தத் தெருவில் யாரும் மருமகளாக எடுக்கமாட்டார்கள். கைகளை மட்டும் உள்ளே நுழைத்தாள். பாதம் வழக்கம்போல் மடியருகே காத்திருந்தது. கரித்தணலின் மூச்சும் ஆட்டுக்கொழுப்பின் வாடையும் புகையின் கசப்பும் ஒன்றாய்க் கலந்து தலையைக் கிறக்க, ஜன்னலை மூடிய பனியின் வழியே பால்போல் கசிந்த வெளிச்சத்தில், வெடித்த குதிகாலையும் நீண்ட நகங்களையும் விரல் விரலாகத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். நகம் வெட்டிவிட வேண்டும் என்று நினைத்தாள்.

பிறகு, அந்தப் பாதம் லேசாகச் சுட்டது.

"ஏங்க, கால் சூடாயிடுச்சு."

நுஸ்ரத் நிமிர்ந்தான். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவள் முகத்தைப் பார்த்தான்.

"எந்தக் கால்?"

"உங்க கால்தான்."

"நான் எங்க நீட்டினேன்? நீட்டினா நீதான் உதைச்சுத் தள்ளுற. சம்மணம் போட்டே இடுப்பு விட்டுப்போச்சு."

"நானா?"

"கடையப் பூட்டினதுக்குக் கோவம்னு நெனச்சேன். தெனமும் உதைக்கிற."

அவன் மேசையைப் பிடித்து எழுந்தான். நின்றான். பின்வாங்கி, வாசல்வரை நடந்தான். அவள் கேட்டது அதுதான்.

கம்பளத்தின் மேல் அவன் பாதங்கள். வறண்டவை. வெளுத்தவை. நகம் வெட்டியவை.

இரண்டு.

"மஸ்தூரா, கையை எடு."

எடுக்க வரவில்லை. உள்ளங்கையில் அது இருந்தது. இளஞ்சூடாக. அதன் விரல்கள் மடங்கின. அவள் கைக் கட்டைவிரலைப் பற்றிக்கொண்டன. இறுக்கமில்லை. பிரியமாக.

எதிர்ப்பக்கம் போர்வை அசைந்தது. ஒரு மேடு. மெல்ல ஊர்ந்தது. மேசையைச் சுற்றி. அவளை நோக்கி.

தன் முறையைக் கேட்பதுபோல இன்னொரு பாதம் அவள் மடியில் ஏறிப் படுத்தது. அது இன்னும் பனிக்கட்டியாக இருந்தது.