திருப்பிக் கொடுத்த லைசென்ஸ்

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கெல்லாம் சிவகாசியிலிருந்து கிளம்பி வந்து, விருதுநகரில் கற்பகவல்லியின் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார் ராஜபாண்டியன். லேபிள் அச்சடிக்கும் பிரஸ் முதலாளி. முந்தின இரவு சரியாகத் தூங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

கற்பகவல்லி முப்பத்தைந்து வருடம் போலீசில் இருந்தவள். தட்டச்சராகச் சேர்ந்து, சைபர் பிரிவில் ஓய்வு பெற்றவள். ஓய்வுக்குப் பிறகும் ஆட்கள் தேடி வந்துகொண்டுதான் இருந்தார்கள். வருகிறவர்கள் எல்லோரும் குற்றவாளியின் பெயரையும் கையோடு கொண்டுவந்துவிடுவார்கள். அவளுக்கு அலுப்புத் தட்டுவதே அதில்தான்.

"காளீஸ்வரன்தான் மேடம்" என்றார் ராஜபாண்டியன், உட்காருவதற்கு முன்பே. "பத்து வருசமா எங்கிட்ட டிசைனர். போன வாரம் சம்பளத் தகராறுல நின்னுட்டான். வியாழக்கிழமை கரண்ட் நிறுத்தம், பிரஸ்ஸுக்கு லீவு. வெள்ளிக்கிழமை காலையில தொறந்து பார்த்தா, நாலு கம்ப்யூட்டர்லயும் டிசைன் சாஃப்ட்வேர் லைசென்ஸ் இல்லை. அம்புட்டையும் எடுத்துட்டான். அக்கவுண்ட் பாஸ்வேர்டையும் மாத்திட்டான்."

"புது லைசென்ஸ் வாங்கிக்கலாமே?"

"வாங்கிட்டா மறுபடி எடுக்க மாட்டான்னு என்ன நிச்சயம்? கெமிக்கல் மூடைக்கு லேபிள், அவசர ஆர்டர். செவ்வாய்க்கிழமை போகணும். சீசன் நேரம் மேடம். எங்க அம்மா டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டை வித்து ஆரம்பிச்ச பிரஸ். கம்ப்யூட்டர்லயும் அவுகளே டிசைன் போட்டவுக. கண் ஆபரேஷனுக்குப் பெறகு ரெண்டு வருசமா அவுக கீழ எறங்குறதில்லை. பிரஸ்ஸுக்கு மேல மாடியிலதான் வீடு. அவுகளுக்கு இதெல்லாம் தெரிஞ்சா தாங்க மாட்டாக."

கற்பகவல்லிக்குத் துணையாக வழக்குகளுக்கு வரும் பெத்தணன் அதற்குள் சட்டைப்பையில் பேனாவைச் செருகிக்கொண்டார். ஓய்வு பெற்ற ஏட்டு. அறுபது வயதிலும் வழக்கு என்றால் கால் தரையில் நிற்காது. "மேடம், காளீஸ்வரனை ரெண்டு தட்டுத் தட்டுனா சொல்லிருவான்."

"மொதல்ல கம்ப்யூட்டரைப் பார்ப்போம்" என்றாள் கற்பகவல்லி. முழங்கால் வலித்தது. எழுந்துகொண்டாள்.

சிவகாசி பிரஸ்ஸில் மை வாடையும் காகித வாடையும் கலந்து கிடந்தது. கட்டிங் மிஷின் பக்கம் ஒரு பெண் மட்டும் நின்று, பேசாமல் லேபிள் கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். இருளம்மாள் என்றார் ராஜபாண்டியன். பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் வேலை பார்த்த அவளுடைய புருஷன் சின்னச்சாமி மூன்று வாரத்துக்கு முன் வெடிவிபத்தில் போய்விட்டானாம். அதைச் சொல்லும்போது அவர் குரல் தாழ்ந்தது.

நான்கு கம்ப்யூட்டர்களையும் கற்பகவல்லி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். டிசைன் கோப்பு ஒன்றுகூட அழிக்கப்படவில்லை. எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து, தனி ஹார்ட் டிஸ்கில் பத்திரமாக வைத்திருந்தது. லைசென்ஸ்களும் முறைப்படி ஒன்றன்பின் ஒன்றாக, இணையம் வழியே சாஃப்ட்வேர் கம்பெனிக்கே திருப்பிக் கொடுக்கப்பட்டிருந்தன. முதல் மூன்றும் வியாழன் பிற்பகல், கரண்ட் வந்த பிறகு, ஆறு நிமிட இடைவெளியில்.

நான்காவதில்தான் கதை மாறியது. அதன் பதிவில் ஜனவரி ஒன்றாம் தேதி, நள்ளிரவு தாண்டி ஒன்பது நிமிடம் என்று இருந்தது. முயற்சி தோல்வி. பதினான்காம் நிமிடம், தோல்வி. இருபதாம் நிமிடம், தோல்வி. அதன் பிறகு தேதி சரியாகி, வேலை முடிந்திருந்தது.

"ஜனவரியிலேயே திட்டம் போட்டுட்டான்!" என்றார் பெத்தணன்.

"இல்லை. உள்ளே இருக்கிற பேட்டரி செத்துப்போச்சு. கரண்ட் போய் வந்தா அதோட கடிகாரம் ஜனவரி ஒண்ணுக்குப் போயிரும். எத்தனை நாளா இப்படி?"

"ஒரு வருசமா" என்றார் ராஜபாண்டியன். "காளீஸ்வரன் மாத்தணும் மாத்தணும்னான். தெனமும் காலையில தேதியத் திருத்திட்டுத்தான் வேலையத் தொடங்குவாங்க."

திருப்பிக் கொடுக்கும் காரணத்தைக் கேட்கும் கட்டத்தில், நான்கிலும் ஆங்கில எழுத்துகளும் புள்ளிகளுமாக ஒரே கிறுக்கல் இருந்தது. கையில் வந்ததை அடித்திருக்கிறான் என்றார் பெத்தணன். நான்கு தடவையும் ஒரு எழுத்துக்கூட மாறாமலா என்று நினைத்துக்கொண்டாள் கற்பகவல்லி. விரல்களை விசைப்பலகையின் மேல் வைத்து, அந்த எழுத்துகளை அழுத்தாமல் தொட்டுத் தொட்டுப் போனாள். கடைசி எழுத்துக்கு வந்ததும் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"காளீஸ்வரனை வரச் சொல்லுங்க. அம்மாவையும் கீழ கூப்பிடுங்க."

மத்தியானம் இரண்டு மணிக்கு அலுவலக அறையில் எல்லோரும் கூடினார்கள். காளீஸ்வரன் மல்லாங்கிணற்றில் அக்கா வீட்டிலிருந்து வந்திருந்தான். ராஜபாண்டியனின் அம்மா பொன்னுத்தங்கம் கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி மெல்ல இறங்கிவந்து, மகனுக்கு எதிரே உட்கார்ந்தாள். இருளம்மாளை யாரும் கூப்பிடவில்லை. அவளாகவே வந்து கதவோரம் நின்றாள்.

"எதுக்குத்தம்பி வேலைய விட்டீக?" என்று கேட்டாள் கற்பகவல்லி.

காளீஸ்வரன் முதலாளியைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். "சம்பளம் இல்லங்க. பட்டாசுக்குப் போடுற பழைய அலுமினியப் பவுடர் மூடை, ஈரம் பட்டது, தானாச் சூடேறி வெடிக்கும். அதுக்கு இந்த வருசத் தேதி போட்டு லேபிள் கேட்டாரு கெமிக்கல் யாவாரி. ஆனி மாசம் ஒரு தடவை செஞ்சு குடுத்தேன். நாப்பது மூடைக்கு. இந்தத் தடவை எரநூறு மூடைக்குக் கேட்டாக. மாட்டேன்னுட்டேன்."

"அப்ப அந்தக் கோவத்துலதான்..." என்று எழுந்தார் பெத்தணன்.

"உக்காருங்க பெத்தணன். இவரா இருந்தா நாலாவது கம்ப்யூட்டர்ல மூணு தடவை தோத்திருக்க மாட்டார். தேதி தப்பா இருந்தா சாஃப்ட்வேர் இணையத்தோட பேசாது. ஒரு வருசமா தெனம் அதைத் திருத்தினவருக்கு அது கை தானாச் செய்யிற வேலை. இப்ப இருக்கிற மத்த ஆட்களுக்கும் அப்படித்தான். செஞ்சவருக்கு இந்த சாஃப்ட்வேர் தெரியும். ஆனா பேட்டரி செத்த சங்கதி தெரியாது. அது கெட்டுப்போறதுக்கு முன்னாடியே இங்க வர்றதை நிறுத்தின ஆள்."

கற்பகவல்லி கையிலிருந்த ஹார்ட் டிஸ்கை மேசையில் வைத்தாள்.

"கோப்பு எல்லாத்தையும் நகல் எடுத்து வச்சிருக்காக. பிரஸ் கெட்டுப்போகணும்னு நெனைக்கிறவர் இல்லை. வேலை நிக்கணும்னு மட்டும் நெனைச்சவர். காரணம் எழுதச் சொன்ன எடத்துல தமிழ் டைப்ரைட்டர்ல அடிக்கிற மாதிரியே அடிச்சிருக்காக. கம்ப்யூட்டர் அதை இங்கிலீசாக் காட்டிருச்சு. நானும் டைப்ரைட்டிங் படிச்சவதான். விரலை வச்சுப் பார்த்தேன். 'வேண்டாம்'னு வருது. நாலு தடவையும்."

ராஜபாண்டியன் மெதுவாகத் திரும்பினார். "அம்மா?"

"நாந்தான்" என்றாள் பொன்னுத்தங்கம். "ரெண்டு தடவை ஒங்கிட்டச் சொன்னேன், கேக்கல. அதான் எறங்கிவந்தேன். பாஸ்வேர்டைத் தர மாட்டேன்."

அவள் மடியிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பிரித்தாள். உள்ளே பாதி கருகிய லேபிள் துண்டு. "இருளம்மா கொண்டாந்து குடுத்தா. அவ வீட்டுக்காரர் வேலை பார்த்த ரூம்ல கெடந்துச்சாம். இது நம்ம பிரஸ்ல அடிச்சதான்னு கேட்டா. நான் என்னடா பதில் சொல்ல?"

"ஒரு துண்டுக் காகிதத்தை வச்சு எப்படிம்மா சொல்ல முடியும்? யாவாரி, காஞ்ச சரக்குன்னுதான் சொன்னாரு. நான் அடிக்கலைன்னா வேற பிரஸ்ல அடிப்பாங்க." சொல்லச் சொல்ல அவர் குரல் தேய்ந்துகொண்டே போனது.

கற்பகவல்லிக்கு இந்த வாக்கியங்கள் எல்லாம் பழக்கமானவை. முப்பத்தைந்து வருடமாகக் கேட்டவை. பதில் சொல்லவும் அலுப்பாக இருந்தது. ஒன்றே ஒன்றைக் கேட்டாள். "அந்த நாப்பது மூடை இப்ப எங்கன இருக்கு?"

யாருக்கும் தெரியவில்லை. விபத்துக்குப் பிறகு சோதனைக்காக நிறையப் பட்டாசுக் கம்பெனிகளைப் பூட்டியிருந்தார்கள். திங்கட்கிழமை எல்லாவற்றையும் திறக்கப்போகிறார்கள் என்றான் காளீஸ்வரன். மூடைகள் இன்னும் பிரிக்கப்படாமல் இருக்கலாம்.

கற்பகவல்லி முதலில் போலீசுக்கும் அடுத்துத் தீயணைப்பு நிலையத்துக்கும் பேசினாள். பொன்னுத்தங்கம் பிரஸ் தன் பெயரில்தான் இருக்கிறது என்று சொல்லி, நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அதனால் அவள் மேலேயே வழக்கு வரும் என்று பெத்தணன் சொன்னபோது தலையை மட்டும் ஆட்டினாள். அதைப் பார்த்த ராஜபாண்டியன் போனை எடுத்து வியாபாரியைக் கூப்பிட்டார். முதலில் கெஞ்சினார், அப்புறம் சத்தம் போட்டார். சரக்குப் போன இடங்களை ஒவ்வொன்றாகக் காளீஸ்வரன் எழுதினான். தாயில்பட்டிப் பக்கம் இரண்டு கம்பெனி, அச்சங்குளத்தில் ஒன்று, வெம்பக்கோட்டை சாலையில் ஒரு சரக்குக் கிட்டங்கி.

போலீஸ் ஜீப்புக்குப் பின்னால் ராஜபாண்டியனே காரை ஓட்டிக்கொண்டு போனார். பெத்தணனும் உடன் போனார்.

பொழுது சாயும் நேரத்தில் திரும்பி வந்தார்கள். ராஜபாண்டியனின் சட்டை முழுக்கப் புழுதி. பிரித்த மூடை ஒன்றுகூட இல்லை என்றார் பெத்தணன். எல்லாவற்றையும் தீயணைப்புக்காரர்கள் எடுத்துப்போய் வெட்டவெளியில் தனியாக வைத்துவிட்டார்களாம். இரண்டு மூடை தொட்டாலே சுட்டதாம்.

ராஜபாண்டியன் கையிலிருந்த பட்டியலை மறுபடியும் எண்ணிக்கொண்டிருந்தார்.

"முப்பத்தொம்பதுதான் வருது மேடம். நாலு எடத்துலயும் பார்த்துட்டோம். இன்னொண்ணு எங்கன போச்சுன்னு தெரியலை."

கதவோரம் நின்ற இருளம்மாள் ஒரு அடி முன்னால் வந்தாள்.

"அதை எங்க வீட்டுக்காரரு பிரிச்சிட்டாருங்க" என்றாள்.