பொருத்தம் தொண்ணூற்றொன்பது

விண்வெளி நடுங்கி ஒன்பதாம் நாள், ஆறு புள்ளிகளில் ஒன்று பளிச்சிட்டது. தூசி மேகத்துக்குள் வழிதவறிக் கிடந்த கலத்தில் நாற்பத்தொரு பேரும் கண்ணாடியில் முகம் பதித்து நின்றார்கள். சிலர் அழுதேவிட்டார்கள்.

நாச்சம்மை மட்டும் நாளை எண்ணிப் பார்த்தாள். ஒன்பதுதான்.

தாழை என்ற விண்மீன் மண்டலத்தின் நடுவில் இரண்டு கருந்துளைகள் இந்த ஆண்டு மோதி ஒன்றாகும் என்று வரைபடத்தில் இருந்தது. மோதினால் முதலில் விண்வெளியே நடுங்கும். அதை உணரலாம், திசை தெரியாது. சில வாரம் கழித்து, சுற்றியுள்ள வாயு சூடேறி அந்த மண்டலத்தின் நடுவே பளிச்சிடும். மேகக் கிழிசல்களில் தெரிந்த ஆறு மண்டலங்களில் எது பளிச்சிடுகிறதோ அதுதான் தாழை. அந்தப் பக்கம்தான் அவர்கள் போய்ச்சேர வேண்டிய நிலையம். ஆனால் இந்தப் பாழாய்ப்போன மண்டலங்கள் சும்மாவும் மினுக்கித் தொலைக்கும். எது மோதலால் வந்த ஒளி என்று பிரித்துச் சொல்லத்தான் பிணைப்பான் என்ற பொறி. அதைப் பழக்கி வளர்த்தவள் நாச்சம்மை.

பிணைப்பான் சொன்னது: பொருத்தம் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது.

சொல்லாமல் என்ன செய்யும்? அது ‘பொருத்தம் இல்லை’ என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் மூன்று பக்க விளக்கம் எழுத வேண்டும் என்பது அலுவலக விதி. யாருக்கு நேரம்? நாச்சம்மை அந்தப் பதில்களையெல்லாம் ‘தவறு’ என்று குறித்துத் தள்ளினாள். இரண்டே ஆண்டில் அது ‘இல்லை’ என்ற சொல்லையே மறந்துபோனது.

தலைவர் சாத்தையன் அவளிடம் வந்தார். காற்று அறுபது நாளுக்கு இருந்தது. பயணம் இருபத்தைந்து நாள். எரிபொருளோ ஒரே ஒரு உந்தலுக்கு.

“காத்திருக்கணும்னா காத்திருப்போம்மா. உனக்கு நிச்சயமா?”

அவருக்குப் பின்னால் அத்தனை முகங்கள். இப்போது உண்மையைச் சொன்னால் இவர்கள் தன்னை என்ன செய்வார்கள் என்று நினைத்தாள்.

“நிச்சயம்தான் சார். மிஷினே சொல்லுதே.”

உந்தினார்கள்.

இருபத்தைந்தாம் நாள் நிலையம் இல்லை. வெறும் தூசி. யாரும் யாரையும் பார்க்கவில்லை. அப்போது பின்பக்கக் கண்ணாடியருகே இருந்தவர் எல்லோரையும் கூப்பிட்டார். அவர்கள் விட்டுவந்த திசையில் இன்னொரு புள்ளி, மற்ற ஐந்தையும் மங்கடித்து எரிந்துகொண்டிருந்தது. நடுக்கத்துக்கு முப்பத்து நான்காம் நாள். அவள் பாடத்தில் படித்தபடியே.

சாத்தையன் கண்ணாடியை விட்டு நாச்சம்மை பக்கம் திரும்பினார். பிறகு கேட்டார்.

“இப்ப என்னம்மா சொல்லுது மிஷின்?”

காற்று முப்பத்தைந்து நாளுக்கு மிச்சம். எரிபொருள் துளியும் இல்லை. நாச்சம்மை திரையைப் பார்த்தாள். முதல் புள்ளிக்கும் தொண்ணூற்றொன்பது, இதற்கும் தொண்ணூற்றொன்பது. கீழே, எப்போதும்போல, தன் பதில் சரியா தவறா என்று குறிக்கச் சொல்லி அது அவளுக்காகக் காத்திருந்தது.